கைவிட்டுப் போகக்கூடாத வேலை

மட்டக்களப்பில் கணினி படித்து முடித்த பிள்ளைகளுக்காக நடக்கும் தொழில் வழிகாட்டல் கூட்டங்களில் இப்போது ஒரே உபதேசம்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. மென்பொருளை இனி யாரும் குந்தியிருந்து எழுதத் தேவையில்லை, எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கிறது. பெரிய கம்பனிகளே வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. வாங்கியதைப் பொருத்தவும் ஓட்டவும் தெரிந்தால் உங்களுக்குப் போதும் என்கிறார்கள். கல்லடியிலும் ஆரையம்பதியிலும் ஏறாவூரிலும் சங்கங்களையும் தனியார் வைத்தியசாலைகளையும் நடத்துகிறவர்களுக்கும் இதே புத்திமதிதான். யாராவது எழும்பி, கூகுளும் அப்பிளும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்கின்றனவே என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: அவர்களிடம் காசு கிடக்கிறது, செய்கிறார்கள்.

இந்த உபதேசத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். பெரிய நிறுவனங்கள் எதை வெளியே கொடுக்கின்றன, எதைக் கொடுக்க மறுக்கின்றன என்று ஒன்றொன்றாகப் பார்த்தால், காசுப்பெட்டியின் கனம் அதைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. உடைந்தால் யார் கை வைத்துத் திருத்துவது, நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. அந்தக் கேள்விகள் காசு குறைந்தவனைத்தான் இன்னும் கூடுதலாக நெருக்கும்.

நல்ல உதாரணம் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது, ஆனால் கதை லண்டனில் தொடங்குகிறது. லண்டன் பங்குச் சந்தை 2007 ஜூனில் ‘ட்ரேட் இலெக்ட்’ என்ற புதிய வர்த்தக முறைக்கு மாறியது. அதைக் கட்டிக் கொடுத்தது அக்சென்ச்சர். அது ஓடியது மைக்ரோசொஃப்டின் டொட் நெற் தொழில்நுட்பத்தில். வாங்குவதே புத்தி என்கிறவர்கள் எதிர்பார்க்கும் அனைத்தும் அங்கே இருந்தன: உலகப் பெயர் பெற்ற ஆலோசனை நிறுவனம், உலகப் பெயர் பெற்ற மென்பொருள், 40 மில்லியன் பவுண் என்று சொல்லப்பட்ட செலவு. 2008 செப்டெம்பர் 8, திங்கட்கிழமை. முதல் நாள்தான் அமெரிக்க அரசு ஃபனி மே, ஃப்ரெடி மக் என்ற இரண்டு பெரும் வீட்டுக்கடன் நிறுவனங்களைப் பொறுப்பேற்றிருந்தது. உலகச் சந்தைகளெல்லாம் பரபரத்துக் கிடந்த அந்தக் காலையில் லண்டனில் மட்டும் வர்த்தகம் நின்றுபோனது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் விற்கவும் முடியவில்லை, வாங்கவும் முடியவில்லை.

அந்தக் காலத்தில் சை-எக்ஸ் போன்ற புதிய போட்டியாளர்கள் வேகத்தையே சரக்காக வைத்து லண்டன் சந்தையின் வியாபாரத்தைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். பங்குச் சந்தை ஒன்று விற்பது வேறென்ன? விரைவாகவும் நம்பகமாகவும் ஓர் ஓடரை இன்னோர் ஓடரோடு சேர்த்துவைப்பதைத்தான். அந்தச் சேர்த்துவைக்கும் இயந்திரமே இன்னொருவர் கையில் இருந்தால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு ஒப்பந்தம், ஒரு விலை, ஒரு காத்திருப்பு. 2009 மே மாதம் தலைமைப் பொறுப்புக்கு வந்த சேவியர் ரோலே நான்கு மாதத்துக்குள் முடிவெடுத்தார். அக்சென்ச்சரைவிடப் பெரிய வெண்டர் ஒருவரைத் தேடிப் போகவில்லை. கொழும்பை அடுத்த மாலபேயில் இருந்த மிலேனியம் ஐ.டி. என்ற நிறுவனத்தை 30 மில்லியன் டொலருக்கு, அதாவது ஏறக்குறைய 18 மில்லியன் பவுணுக்கு, ஆட்களோடு சேர்த்து வாங்கினார். ஒரு சேவையின் சந்தாவுக்குக் கொடுத்த பணம் அல்ல இது. அந்தச் சேவையைச் செய்யத் தெரிந்த கைகளைத் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொண்ட விலை. லண்டன் சந்தைக்கு அக்சென்ச்சர் கட்டிக் கொடுத்ததன் செலவைவிட அது குறைவு என்பதையும் கவனியுங்கள்.

மிலேனியம் ஐ.டி.யை டொனி வீரசிங்க 1996இல் தொடங்கினார். கொழும்புப் பங்குச் சந்தையின் தன்னியக்க வர்த்தக முறை அவர்களுடைய ஆரம்பகால வேலை. சின்னஞ்சிறு சந்தை ஒன்றுக்காக எழுதி, அதன் குறைகளைத் தாங்களே திருத்தித் திருத்திக் கற்ற வித்தை அது. 2010 ஒக்டோபரில் அவர்களுடைய முறை லண்டன் குழுமத்தின் டேர்க்கொயிஸ் தளத்தில் முதலில் ஓடியது. ஓர் ஓடரைக் கையாளச் சராசரி 126 மைக்ரோ செக்கன் என்று லண்டன் அறிவித்தது. 2011 பெப்ரவரி 14ஆம் திகதி பிரதான சந்தையே அதற்கு மாறியது. பிறகு ஜொஹனஸ்பேர்க், ஒஸ்லோ சந்தைகளும் அதே முறைக்கு வந்தன.

மாறிய பதினோராம் நாள், பெப்ரவரி 25ஆம் திகதி, அதுவும் நின்றது. சுமார் நான்கு மணி நேரம் வர்த்தகம் இல்லை. தாமே கட்டினாலும் நின்றதுதானே என்று வாதாடுவோர் இதைத்தான் எடுத்து வருவார்கள். நிற்காத இயந்திரம் என்று ஒன்று இல்லை. அப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் சொல்லவும் இல்லை. அன்று கோளாறைத் தேடியவர்கள் லண்டன் சந்தையின் சொந்த ஊழியர்கள், அவர்கள் திறந்து பார்த்தது அவர்களே எழுதிய நிரல். கற்ற பாடம் கம்பனிக்குள்ளேயே தங்கியது. 2008இல் அப்படித் தங்க இடமிருக்கவில்லை.

அடுத்து, ஆபத்தை ஒப்பந்தத்தில் எழுதி வெண்டரின் தலையில் கட்டிவிடலாம் என்ற வாதம். நிர்வாகிகளுக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான், ஏனென்றால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே மனப்பாரம் குறைந்துவிடுகிறது. பிரித்தானியாவின் டி.எஸ்.பி. வங்கியின் கதையைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு ஒரே மூச்சில் மாற்றினார்கள். வேலையை முன்னெடுத்தது, அன்றைய தாய் நிறுவனமான ஸ்பானிய சபாடெல் வங்கியின் தொழில்நுட்பப் பிரிவான சபிஸ். பெயருக்கு அது குடும்பத்துக்குள் நடந்த வேலை. ஆனால் சபிஸுக்குக் கீழே 85 வெளி நிறுவனங்கள் இருந்தன. 19 இலட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். சிலருக்கு வேறொருவரின் கணக்கு திறந்தது. 2022 டிசம்பரில் மேற்பார்வை அதிகாரிகள் விதித்த 48.65 மில்லியன் பவுண் தண்டப்பணத்தைக் கட்டியது அந்த 85 பேரில் ஒருவரும் அல்ல, டி.எஸ்.பி.தான். அதோடு நிற்கவில்லை. வெளியே கொடுத்த வேலையை ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்று வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட 81,620 பவுண் தண்டம் 2023இல் விதிக்கப்பட்டது. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது என்று சட்டமே எழுதி வைத்த விலை அது.

2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதும் நினைவிருக்கும். டெல்டா விமான நிறுவனம் ஏறத்தாழ 7,000 பறப்புகளை இரத்துச் செய்தது, 500 மில்லியன் டொலர் நட்டம் என்றது. ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு பத்து மில்லியனுக்குக் கீழே என்று கிரவுட்ஸ்ட்ரைக் தரப்பு பதில் கடிதம் எழுதியது. வெண்டர் ஒப்பந்தங்களில் இப்படியொரு உச்சவரம்பு வாசகம் இருப்பது வழக்கம். கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை.

காசு கிடக்கிறது, அதனால் கட்டுகிறார்கள் என்ற பேச்சுக்கு இப்போது வருவோம். காசு அதிகம் உள்ள கம்பனி என்றால் எல்லோரும் முதலில் சொல்வது அப்பிள். அந்த அப்பிள் இன்றுவரை தனக்கென்று ஒரு தேடுபொறி கட்டவில்லை. கூகுளின் தேடலைத் தன் சஃபாரி உலாவியில் முதலாவதாக வைத்திருப்பதற்கு, கூகுளிடமிருந்து 2022ஆம் ஆண்டில் மட்டும் 20 பில்லியன் டொலர் பெற்றது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. கட்டப் பில்லியன் கணக்கில் செலவாகும், பல ஆண்டுகள் எடுக்கும் என்று அப்பிளின் உயர் அதிகாரியே நீதிமன்றத்துக்கு எழுத்தில் சொன்னார். காசுதான் காரணம் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

அதே அப்பிள் வரைபடத்தில் நேர்மாறாக நடந்தது. 2012 வரை ஐபோனில் இருந்தது கூகுளின் வரைபடம். வழியைக் குரலில் சொல்லிக்கொண்டு போகும் வசதியைக் கூகுள் தன் ஆண்ட்ராய்டு போன்களில் 2009இலேயே கொடுத்திருந்தது, ஐபோனில் கொடுக்கவில்லை. தன் போனில் எந்த வசதி வரும், எப்போது வரும் என்பதைப் போட்டியாளன் தீர்மானிக்கும் நிலை. அப்பிள் டொம்டொம் நிறுவனத்தின் தரவுகளை வைத்துத் தன் வரைபடத்தை அவசரமாகக் கட்டியது. அது மோசமாக இருந்தது. ஊர்கள் இடம்மாறிக் கிடந்தன. 2012 செப்டெம்பர் 28ஆம் திகதி அப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கூகுள் வரைபடத்தைப் பாவியுங்கள் என்று அவரே சொல்ல வேண்டி வந்தது. ஆனாலும் கம்பனி கைவிடவில்லை. தன் வாகனங்களை வீதிக்கு அனுப்பித் தரவுகளைத் தானே சேகரித்து வரைபடத்தை அடியிலிருந்து திரும்பக் கட்டுவதாக 2018இல் அறிவித்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த அவமானம் அல்ல. கட்ட வேண்டிய ஒன்றை நீண்ட காலம் கட்டாமல் விட்டதற்கான விலையைத்தான் அப்பிள் அன்று கொடுத்தது. அறிவைக் கையில் வைத்திராதவனுக்கு, ஒருநாள் அது கட்டாயம் தேவைப்படும்போது, அவகாசம் கிடைப்பதில்லை.

நெட்பிளிக்ஸ் இன்னும் தெளிவான சாட்சி. 2008 ஓகஸ்டில் அதன் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாள் டி.வி.டி. அனுப்ப முடியாமல் போனது. அதன்பின் தன் கணினி வேலைகளை அமேசனின் கிளவுட்டுக்கு மாற்றத் தொடங்கி 2016 ஜனவரியில் முடித்தது. அமேசனும் படம் காட்டுகிறது, நேரடிப் போட்டியாளர். இருந்தும் கொடுத்தார்கள், ஏனென்றால் சேர்வர் வாடகை எங்கும் ஒரே தன்மையான சரக்கு; யாரிடம் வாங்கினாலும் படம் பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்வையாளரின் ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கும் வலையமைப்பை 2012இல் தாங்களே கட்டினார்கள். தங்கள் பெட்டிகளை இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்தார்கள். படம் தடங்கினால் பார்வையாளர் சந்தாவை நிறுத்துவது அந்த இடத்தில்தான். ஒரே கம்பனி, ஒரே காலம், ஒரே காசுப்பெட்டி. இரண்டு எதிரெதிரான முடிவுகள்.

டிரொப்பொக்ஸ் தொடக்கத்தில் மற்றவர்களின் கோப்புகளைத் தன்னிடம் வைத்திருப்பதாகச் சொல்லி அவற்றை அமேசனிடம் வைத்திருந்தது. சின்னக் கம்பனியாக இருந்தபோது அது சரியான முடிவு. கோப்பு வைத்திருப்பதே அதன் முழுத் தொழிலாகப் பெருத்தபோது, 2015, 2016 ஆண்டுகளில் பெரும்பாலானவற்றைத் தன் சொந்தச் சேர்வர்களுக்கு நகர்த்தியது. இரண்டு ஆண்டில் ஏறத்தாழ 75 மில்லியன் டொலர் மிச்சம் என்று 2018இல் பங்குச் சந்தைக்கு வரும்போது கணக்குக் காட்டியது. வாங்குவதுதான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் தங்கள் கூட்டங்களில் காட்டட்டும்.

இவற்றுக்கெல்லாம் பொருளியலில் பழைய விளக்கம் இருக்கிறது. ரொனால்ட் கோஸ் 1937இல், இருபத்தாறு வயதில், ஒரு கேள்வி கேட்டார்: சந்தையில் எல்லாம் வாங்கக் கிடைக்கும்போது கம்பனி என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும்? வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு என்பது அவருடைய விடை. ஆளைத் தேட வேண்டும், விலை பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், மீறினால் துரத்த வேண்டும். ஒலிவர் வில்லியம்சன் இதை இன்னும் கூர்மையாக்கினார். உனக்கென்றே செய்த பொருளை ஒருவரிடம் மட்டும் வாங்கத் தொடங்கிவிட்டால், அடுத்த முறை விலையைச் சொல்லுகிறவர் அவர்தான். முன்னவருக்கு 1991இலும் பின்னவருக்கு 2009இலும் நோபல் பரிசு கிடைத்தது. விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கச் சொல்கிறவர்கள் இந்தச் செலவு எதையும் அதில் எழுதுவதில்லை.

எங்கள் அரசே இதை அனுபவித்தது. வெளிநாட்டவருக்கான இணைய வீசா முறையை 2012 முதல் மொபிடெல் நடத்திவந்தது. 2024 ஏப்ரலில் அந்த வேலை, வி.எப்.எஸ். குளோபல் தொழில்நுட்பப் பங்காளியாக இருந்த வெளிநாட்டுக் கூட்டமைப்பு ஒன்றிடம் போனது. வீசாக் கட்டணத்தோடு தனிச் சேவைக் கட்டணமும் சேர்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்கவில் எழுந்த எதிர்ப்பை நாடே பார்த்தது. அரசியல்வாதிகளான சம்பிக்க ரணவக்க, சுமந்திரன், ரவூப் ஹக்கீம் ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்திப் பழையதை மீண்டும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. கட்டளை நிறைவேறவில்லை என்று குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பர் 25ஆம் திகதி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அந்த மாத இறுதியில்தான் பழைய முறை திரும்பியது. இதில் வெளிநாடு, உள்நாடு என்ற பேதத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. மொபிடெலும் குடிவரவுத் திணைக்களத்துக்கு வெளியாள்தான். நாட்டுக்குள் யார் வரலாம், அதற்கு எவ்வளவு அறவிடலாம் என்பது ஓர் அரசின் கையை விட்டுப் போகக்கூடாத வேலை. அதைக் கொடுக்கும்போது திரும்பி வரும் பாதையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பழைய முறையைத் திரும்ப எழுப்ப முடிந்ததால்தான் நீதிமன்றக் கட்டளைக்கு அர்த்தம் இருந்தது. அது கலைந்து, அதைத் தெரிந்தவர்கள் சிதறிப் போயிருந்தால் எந்தக் கட்டளையாலும் என்ன செய்ய முடிந்திருக்கும்?

எங்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை என்பதுதான் கடைசியாக வரும் எதிர்வாதம். இதைச் சொல்கிறவர்கள் பலர் நல்ல எண்ணத்தோடு சொல்கிறார்கள், ஆகவே பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கட்டு என்று நான் கேட்கவில்லை. மின்னஞ்சலை வாங்குங்கள், சம்பளப் பட்டியல் மென்பொருளை வாங்குங்கள். கட்டுவதில் பிடிவாதமான கம்பனி என்று பெயரெடுத்த தமிழ்நாட்டு மென்பொருள் நிறுவனமான ஸோஹோகூட எல்லாவற்றையும் கட்டுவதில்லை. சிப் தயாரிக்கும் திட்டத்தை, தொழில்நுட்ப வழி திருப்தியாக அமையவில்லை என்று 2025இல் அது நிறுத்திவைத்தது. ஆனால் ஸோஹோ தன் மென்பொருளையும் தரவு மையங்களையும் தானே நடத்துகிறது. அதற்கான ஆட்களை 2004 முதல் தன் சொந்தப் பள்ளியில், பட்டம் கேட்காமல், வளர்த்து எடுக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் 2011இல் அலுவலகம் திறந்தது. ஆள் இல்லை என்பது பிறப்பில் வந்த குறை அல்ல என்பதற்கு மத்தளம்பாறையும் மாலபேயும் போதும். கட்டும் வேலையைக் கொடுக்காத ஊரில் கட்டத் தெரிந்தவர்கள் எப்படி உருவாவார்கள்? கொழும்புப் பங்குச் சந்தை அந்த வேலையை அன்று வெளிநாட்டுக்குக் கொடுத்திருந்தால், லண்டன் வாங்க வந்தபோது மாலபேயில் வாங்க என்ன இருந்திருக்கும்?

வாவியில் தொழில் செய்பவர்கள் நைலோன் வலையைக் கடையில்தான் வாங்குகிறார்கள். யாரும் நூல் நூற்பதில்லை. ஆனால் வலை பொத்தத் தெரியாதவனை யாரும் தொழிலாளி என்று மதிப்பதில்லை, கிழிந்த வலையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோவதும் இல்லை. எங்கள் சிக்கன கடனுதவு சங்கங்களிடமும் வைத்தியசாலைகளிடமும் நான் கேட்பது அவ்வளவுதான். சங்கத்தின் கடன் பேரேடும், வைத்தியசாலையின் நோயாளர் பதிவும் அந்த நிறுவனத்தின் உயிர். அவை கொழும்பிலுள்ள யாரோ ஒருவரின் சேர்வரில், அவருக்கு மட்டும் வாசிக்கத் தெரிந்த வடிவில் இருக்கின்றன என்றால், மாதக் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மலிவு ஆகாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்த அன்று எங்கள் தரவு எங்கள் கைக்கு எந்த வடிவில் வரும் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். நிரலின் பிரதி ஒன்றை நடுநிலையான இடத்தில் வைக்கச் சம்மதமா என்று கேளுங்கள். உங்கள் ஊழியர் ஒருவரை முதல் நாளிலிருந்தே வெண்டரின் ஆட்களோடு இருத்துங்கள். அவர் கல்லடிப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, வேலை முடிந்தபிறகும் இங்கேதான் இருப்பார். இவற்றுக்குச் சம்மதிக்காத வெண்டரிடம் வாங்காதீர்கள். பயிற்சி நிலையங்கள் வாங்கிய மென்பொருளைப் பொருத்தும் பாடத்தோடு, அதைத் திறந்து பார்த்துப் பழுது பிடிக்கும் பாடத்தையும் இந்த வருடமே தொடங்கட்டும். அதற்கு ஒரு பழைய சேர்வரும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். இரண்டும் மட்டக்களப்பில் கிடைக்கும்.